வளராத இறால்: வைத்திருப்பதா, இப்போதே பிடிப்பதா, குளத்தை மாரிக்கு விடுவதா?

இறால் குளத்தில் இறக்கியிருந்த தீன் தட்டைத் தூக்கியதும் கண்ணில் பட்டது அளவு வித்தியாசம்தான். எல்லாம் ஒரே நாளில் விட்ட குஞ்சுகள். அன்று அறுபதாம் நாள். ஒன்று என் நடுவிரல் நீளம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் துள்ளியது சுண்டுவிரலில் பாதி. ஓடு சுத்தமாக இருந்தது, நிறத்திலும் குறை சொல்ல முடியாது. கரையோரம் ஒரு இறால்கூடச் செத்து ஒதுங்கவில்லை. "சாகேல்லை அண்ணை, வளரேல்லை. அவ்வளவுதான்" என்றான் சித்தியின் மகன். குளம் அவனுடையது. முல்லைத்தீவுப் பக்கம் களப்பிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் எடுக்கும் இரண்டு குளங்கள், ஒவ்வொன்றும் அரை ஹெக்டேயர். ஆடி மாதம், சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. குளத்தின் ஒரு மூலையில் வெள்ளை நூல் துண்டுகள் போல இறாலின் எச்சம் மிதந்து ஒதுங்கியிருந்தது.

வெள்ளைப்புள்ளி நோயைக் கண்டவர்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் கஷ்டம். 1996இல் புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணைகளில் அது பரவியபோது சில நாட்களுக்குள் குளம் காலியாகிவிடும். முடிவெடுக்க எதுவும் மிச்சமிராது. இறாலை வளரவிடாமல் செய்யும் ஈஎச்பி என்ற இந்தப் புது ஒட்டுண்ணியோ முடிவை உங்கள் கையிலேயே விட்டுவிடுகிறது. ஒவ்வொரு நாளும் தீன் மூட்டையை அவிழ்க்கும்போது, இதைக் கொட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி வந்து நிற்கும். கடன் எடுத்து ஒன்றிரண்டு குளம் வைத்திருக்கும் வன்னி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறால் வளராமல் நின்றால் பெரும்பாலும் உடனே பிடிப்பதுதான் நல்லது. அடுத்த போகத்துக்கு அவசரப்படாமல் ஒரு மாரியைக் கடக்க விட வேண்டும். கையில் இருக்கும் காசைக் குஞ்சுப் பரிசோதனையிலும் குளத்தடியிலும் போட வேண்டும், மருந்துப் போத்தலில் போடக் கூடாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உள்ளே இருப்பது யார்?

பெயர் என்டரோசைட்டோசூன் ஹெப்பாட்டோபீனி. பண்ணைகளில் ஈஎச்பி என்கிறார்கள். தாய்லாந்தில் 2004இல் வளர்ச்சி குன்றிய டைகர் இறாலில் முதலில் கண்டார்கள், 2009இல் பெயர் வைத்தார்கள். வனாமி என்ற இன்னொரு பண்ணை இறால் வகை எங்கும் பரவிய பிறகு வனாமியோடு சேர்ந்து அதுவும் பரவியது. ஆகவே "டைகருக்கு மாறினால் தப்பலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது முதலில் பிடிபட்டதே டைகரில்தான்.

இது வைரசும் அல்ல, பற்றீரியாவும் அல்ல. பங்கசுகளுக்கு உறவான மிகச் சிறிய ஓர் உயிர். வித்தி வடிவில்தான் வெளியே காத்திருக்கும். அந்த வித்தி ஒரு மைக்ரோன் நீளம், அதிலும் குறைவான அகலம். ஒரு மில்லிமீற்றருக்குள் ஆயிரத்தை வரிசையாக வைக்கலாம். வித்திக்குள் ஒரு நுண்குழல் சுருள் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறது. இறாலின் குடலுக்குள் போய்ச் சேர்ந்ததும் அந்தக் குழல் தெறித்து வெளியே வந்து ஒரு கலத்தைக் குத்தும். வித்தியின் உள்ளடக்கம் அந்தக் குழல் வழியாகக் கலத்துக்குள் இறங்கிவிடும். அது குடியேறும் இடம் இறாலின் ஈரல். சமிபாடு, கொழுப்புச் சேமிப்பு இரண்டும் நடக்கும் அதே உறுப்பு.

இதில் ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைப்பேன். வெல்லத்தை உடைத்துச் சக்தி எடுக்கும் வழியே இந்த ஒட்டுண்ணி இனத்திடம் இல்லை. காலப்போக்கில் அந்தத் திறனை இழந்துவிட்டது. அதனால் இறாலின் கலம் செய்து வைத்த சக்தியை அப்படியே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் கொட்டும் தீனை இறால் தின்கிறது, ஆனால் ஓடு கழற்றி வளர வேண்டிய சக்தி ஈரலுக்குள்ளேயே வேறொருவரின் பெருக்கத்துக்குப் போய்விடுகிறது. பிறகு அந்தக் கலம் உடைந்து, ஆயிரக்கணக்கான வித்திகள் எச்சத்தோடு குளத்தில் விழும். அடுத்த இறால் அடியில் மேயும்போது விழுங்கும். செத்த இறாலை மற்றது தின்னும்போதும் அதே கதை. நடுவில் நத்தை, புழு என்று எதுவும் தேவையில்லை. இறாலிலிருந்து இறாலுக்கு நேரே போகும்.

முடிவுக்கு முன் உறுதி

வளராததெல்லாம் ஈஎச்பி ஆகிவிடாது. தீன் பழுதாக இருக்கலாம், இரவில் ஒட்சிசன் குறையலாம், எண்ணிக்கை கூடியிருக்கலாம். வெள்ளை எச்சமும் உறுதியான சாட்சி அல்ல. வேறு காரணங்களாலும் அது வரும், ஈஎச்பி இருந்தும் வராமல் இருக்கும்.

குடலை நசுக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் புழு மாதிரிச் சில தெரியும். அதைக் கண்டதும் "கிரெகரின்" என்று சொல்லிப் புழு மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிரெகரின் உண்மையில் இருக்கும் ஓர் ஒட்டுண்ணிதான். அதற்கு நத்தை, மட்டி, புழு போன்ற ஓர் இடைநிலை விருந்துவழங்கி வேண்டும், அவற்றைக் குறைத்தால் அதுவும் குறையும். ஆனால் நோயுற்ற ஈரலின் கலங்களில் மயிர்போல இருக்கும் நுண்சடைமுளைகள் உரிந்து ஒன்றாகத் திரண்டும் அதே புழு வடிவத்தில் தெரியும். அது உயிரே அல்ல, அதற்கு மருந்து கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஈஎச்பி வித்தியோ நூறு மடங்கு வில்லையில், எண்ணெய் விட்டு, சாயமிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அப்போதும் தவறவிடலாம்.

சரி, அப்போ ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான். மாதிரி எடுப்பதில் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. பார்க்க அழகான பெரிய இறாலைப் பொறுக்கி அனுப்புவார்கள். சிறியதை, குன்றியதை எடுங்கள். ஈரலை 95 வீத எதனோலில் போட்டு அனுப்புங்கள், மிதக்கும் எச்சத்தையும் தனிக் குப்பியில் சேருங்கள். ஈஎச்பிதான் என்று எங்களுக்கு முடிவு வரப் பதினொரு நாள் ஆயிற்று. காத்திருந்த நாட்களில் தீனைப் பாதியாக்கினோம், மற்றக் குளத்துக்குத் தனி வீச்சுவலை, தனி வாளி, தனிச் செருப்பு வைத்தோம். இரண்டாவது குளம் தப்பியதற்கு அந்தச் செருப்பும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

முதல் முடிவு: குளத்தில் இருப்பதை என்ன செய்வது

மூன்று வழி. வைத்திருந்து வளர்ப்பது, இப்போதே பிடித்து விற்பது, அங்கேயே கொன்று புதைப்பது.

வைத்திருக்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். "ரெண்டு கிழமை விட்டுப் பாப்பமே" என்று அவனும் கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. உயிரோடு துள்ளும் இறாலைச் சின்னதாக இருக்கும்போதே பிடிக்க யாருக்கு மனம் வரும்? அதனால் திண்ணையில் உட்கார்ந்து கொப்பியில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன், உங்கள் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

அரை ஹெக்டேயர், சதுர மீற்றருக்கு 40 குஞ்சு, ஆக இரண்டு இலட்சம். முக்கால்வாசி உயிரோடு இருப்பதாக எடுத்தால் ஒன்றரை இலட்சம். வீச்சுவலை போட்டு நிறுத்தபோது சராசரி 5 கிராம், அதாவது குளத்தில் 750 கிலோ. உடல் நிறையில் 4 வீதம் தீன் என்றால் நாளுக்கு 30 கிலோ, கிழமைக்கு 210 கிலோ. முந்தின கிழமையோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 0.4 கிராம். ஒன்றரை இலட்சத்தால் பெருக்கினால் 60 கிலோ. 210 கிலோ தீன் போட்டு 60 கிலோ இறால். ஒரு கிலோவுக்கு மூன்றரைக் கிலோ தீன். நல்ல குளத்தில் இதே தீனுக்குக் கிழமையில் 1.2 கிராம் ஏறும், 180 கிலோ கிடைக்கும். அங்கே ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றேகால் கிலோ தீன்கூடப் போகாது.

இன்னும் நான்கு கிழமை வைத்திருந்தால்? இதே வேகத்தில் 6.6 கிராம். கிலோவுக்கு 200 இறால் என்றிருந்தது 150 இறால் ஆகும். விலைப்பட்டியலில் அது பெரிய தாவல் அல்ல. இடையில் பத்து வீதம் செத்துவிட்டால் மிஞ்சுவது 1,35,000 இறால், ஏறக்குறைய 890 கிலோ. அதாவது 840 கிலோ தீன் கொட்டியதற்கு நிகரமாகக் கூடியது 140 கிலோ. கிலோவுக்கு ஆறு கிலோ தீன். இதற்குமேல் இரவு முழுவதும் காற்றூட்டி ஓடும் மின்கட்டணம். பத்து வீதச் சாவு என்பது பயமுறுத்தும் கணக்கும் அல்ல. ஈஎச்பி பிடித்த ஈரல் விப்ரியோ பற்றீரியாவுக்கு இலகுவாக இடம் கொடுக்கும். அப்படி ஒன்று வந்தால் ஒரே கிழமையில் எல்லாம் போகும்.

கொப்பியை மூடிவிட்டு அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வியாபாரிக்குப் போன் எடுத்தான்.

இதிலிருந்து எடுக்கக்கூடிய சட்டம் எளிது. இரண்டு கிழமை தொடர்ந்து நிறுத்துப் பாருங்கள். கிழமையில் கூடிய கிலோவின் விலை, அந்தக் கிழமைத் தீன் விலையையும் மின்சாரத்தையும் தாண்டவில்லை என்றால் பிடியுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. தொண்ணூறாம் நாளில்தான் தொற்று தெரிகிறது, சராசரி 14 கிராம், கிழமைக்கு 0.9 கிராமாவது ஏறுகிறது என்றால் வைத்திருங்கள். அடுத்த அளவுத் தரத்துக்குப் போனால் விலை உண்மையிலேயே மாறும்.

பிடித்த இறாலைச் சாப்பிடலாமா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். இந்த ஒட்டுண்ணி மனிதரில் தொற்றாது. அன்று இரவு நாங்கள் சாப்பிட்டதும் அதே இறால் பொரியல்தான். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தலையும் ஓடும் கழுவிய தண்ணீரும் களப்புக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. உயிர் இரையாகவோ வேறு பண்ணைக்கோ கொடுக்கவும் கூடாது. தலை, ஓட்டைக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

அங்கேயே கொல்லும் வழி கடைசி வழி, ஆனால் சில நேரம் சரியான வழியும் அதுதான். குஞ்சு விட்டு முப்பது நாளுக்குள் தொற்று உறுதியானால் விற்க எதுவும் இல்லை, இன்னும் இரண்டு மாதம் வித்தி பெருகத்தான் தீன் போடுவீர்கள். ஆய்வுகூடத்தில், 65 வீதக் குளோரின் தூளை 40 பிபிஎம், அதாவது பத்து இலட்சத்துக்கு 40 பங்கு அளவில் 15 நிமிடம் வைத்தால் வித்தி செயலிழக்கிறது. ஒரு மீற்றர் ஆழமுள்ள அரை ஹெக்டேயருக்கு அது 200 கிலோ தூள். குளத்து நீரில் இருக்கும் சேறும் பாசியும் குளோரினில் பெரும்பங்கைத் தின்றுவிடும், எனவே அந்த அளவு அடிமட்டம்தான். காசைப் பார்த்தால் வலிக்கும். கூப்பிடு தூரத்தில் இன்னொருவருடைய சுத்தமான குளம் இருந்தால் அந்தக் காசைச் செலவழிக்கத்தான் வேண்டும்.

மருந்து பற்றி

நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. குளத்து இறாலில் ஈஎச்பியைக் குணப்படுத்த நிரூபிக்கப்பட்ட, அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லை. அன்டிபயோட்டிக் இதற்கு வேலை செய்யாது, அதன் மிச்சம் இறாலின் உடலில் தங்கி ஏற்றுமதியைத்தான் கெடுக்கும். உள்ளி, மூலிகை, குடல் பற்றீரியாக் கலவை என்று வருபவை இறாலுக்குக் கொஞ்சம் தெம்பு தரலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து ஒரு போத்தல் வாங்க வேண்டாம்.

இரண்டாவது முடிவு: குளத்தை என்ன செய்வது

இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டும், வன்னியின் காலநிலையும் இங்கேதான் கைகொடுக்கிறது.

ஆடியில் பிடித்தாயிற்று. பதினைந்து நாள் காயவிட்டு ஆவணியிலேயே மறுபடி குஞ்சு விடலாம் என்பது ஒரு வழி. மாரி கடந்து, பொங்கலுக்குப் பிறகு மாசியில் விடுவது இரண்டாவது. இறாலை ஒரு போகம் நிறுத்திப் பாலைமீன், நண்டு, கொடுவா என்று மாறுவது மூன்றாவது.

எந்த வழியானாலும் முதல் வேலை குளத்தடி. வித்தியின் தடித்த சுவர் குளத்தைச் சும்மா காயவிடுவதற்கு அசையாது. தாய்லாந்து ஆய்வாளர்கள் பண்ணையாளருக்குச் சொன்ன முறை இது. நீறாத சுட்ட சுண்ணாம்பு, ஹெக்டேயருக்கு 6 தொன் அல்லது கூட. மண்ணை 10 முதல் 12 சென்ரிமீற்றர் ஆழம் உழுது, சுண்ணாம்பைக் கலந்து, ஈரமாக்கி, பிறகு ஒரு கிழமை காயவிடுவது. மண்ணின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12க்கு ஏற வேண்டும், சில நாளில் தானாகவே இறங்கிவிடும். அரை ஹெக்டேயருக்கு 3 தொன், 25 கிலோ மூட்டையாக 120 மூட்டை.

இதில் மூன்று இடத்தில் பிழை விடுவார்கள். முதலாவது, கடையில் "சுண்ணாம்பு" என்று கேட்டு டோலமைட்டையோ விவசாயச் சுண்ணாம்பையோ வாங்குவது. அவை மண்ணின் புளிப்பைத் திருத்தும். எத்தனை மூட்டை கொட்டினாலும் பிஎச் 12க்குப் போகாது. வாங்குமுன் ஒரு பிடியை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சூடாகிக் கொதிக்கத் தொடங்கினால் சரி. நீறிய சுண்ணாம்புதான் கிடைக்கிறது என்றால் 3 தொன்னுக்குப் பதில் 4 தொன் வேண்டும். இரண்டாவது, காய்ந்த மண்ணில் தூவிவிட்டு வருவது. ஈரம் இல்லாமல் அது வேலை செய்யாது, சோளகக் காற்றில் பாதி பறந்தும் போகும். மூன்றாவது, வெறும் கையும் வெறும் காலுமாக இறங்குவது. தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை, பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், கூலிக்கு வருபவருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இப்போது காலத்துக்கு வருவோம். ஆவணியில் திரும்ப விடுவதை நான் விரும்பவில்லை. காரணம் உப்பு. அந்த நேரம் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகள் எல்லாவற்றிலும் நீர் வற்றிக்கொண்டிருக்கும். களப்பு கடலோடு சேரும் தொடுவாய் மண்மூடிவிட்டால் களப்பு நீர் கடலின் உப்பை எட்டும், தாண்டவும் செய்யும். ஈஎச்பி எல்லா உப்பிலும் தொற்றும் என்றாலும், ஆயிரத்துக்கு 2, 15, 30 பங்கு உப்பில் வைத்துப் பார்த்து 2021இல் வெளியிட்ட பரிசோதனையில் 30 பங்கு உப்பில்தான் அதிக இறால்களில், அதிக கடுமையாகத் தொற்றியது. ஆக, ஒட்டுண்ணிக்கு வாய்ப்பான நேரத்தில் போய் நாமே குஞ்சை விடுவதாகிவிடும். அதோடு ஆவணியில் விட்டது நூறாம் நாளை எட்டும்போது கார்த்திகை வந்துவிடும். மழை, உடைப்பெடுக்கும் அணை, ஒரேயடியாக இறங்கும் உப்பு எல்லாம் சேர்ந்து வரும் மாதம். 2020 டிசம்பரில் புரேவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில்தான் கரை தொட்டது. பிடிக்க வேண்டிய இறாலோடு அப்படியொரு இரவைக் கடக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாசியில் விடுவதற்கு எதிராக ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அது பெரிய காரணமும்கூட. ஐந்தாறு மாதம் குளத்தில் வருமானம் இல்லை, கடனுக்கு வட்டி ஓடும். இதைச் சின்னதாக நினைத்து "பொறு" என்று அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எங்கள் கணக்கில், தொற்றிய ஒரு போகம் தின்றது அந்த ஆறு மாத வட்டியைவிட மிக அதிகம். பொறுத்தால் கிடைப்பதைப் பாருங்கள். ஆவணி, புரட்டாதி வெயிலில் சுண்ணாம்பு போட்ட மண் நன்றாக வெடித்துக் காயும். மதகை இறுக்கி மூடிவிட்டால், ஐப்பசிக்குப் பிறகு விழும் மழைநீர் குளத்தில் நின்று மண்ணின் உப்பையும் கழுவும். இறால் இல்லாத குளத்தில் வித்திக்குப் பெருக இடமில்லை. மாசியில் களப்பு நீரும் இளகியிருக்கும், வைகாசிக்குள் பிடித்துவிடலாம், கடும் உப்பு வருவதற்கு முன்.

சிலாபம், புத்தளம் பண்ணைகளில் 2004இலிருந்து வலயம் வலயமாக நாட்காட்டி போட்டு, எந்தப் பகுதி எப்போது குஞ்சு விடுவது என்று சங்கங்கள் மூலம் தீர்மானிக்கிறார்கள். வெள்ளைப்புள்ளியில் பட்ட அடி அப்படியொரு ஒழுங்கைக் கொண்டுவந்தது. வன்னியில் பண்ணைகள் குறைவாக இருக்கும் இப்போதே அயலில் உள்ள நாலு பேர் உட்கார்ந்து அதைப் பேசிக்கொள்ளலாம். நீங்கள் பொறுத்து, பக்கத்துக் குளத்துக்காரர் ஆவணியில் விட்டு அவருடைய நீர் உங்கள் வாய்க்காலுக்கு வந்தால், பொறுத்த பயன் பாதி போய்விடும்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாலைமீன் நல்ல தெரிவு. குளத்துப் பாசியைத் தின்று வளரும், தீன் செலவு குறைவு, ஈஎச்பி அதில் பெருகாது. ஆனால் முள் அதிகம், எங்கள் சந்தையில் இறாலின் விலைக்குக் கிட்டவும் வராது. வட்டியைக் கட்டிக்கொண்டு குளத்தைச் சும்மா விடாமல் வைத்திருக்க அது போதும், இலாபத்துக்கு அல்ல. கொடுவாவுக்கு விலை உண்டு, குஞ்சும் மீன் தீனும் ஒழுங்காகக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். நண்டு கொழுக்க வைப்பதை, தொற்றிய குளத்துக்குப் பிறகு உடனே நான் செய்ய மாட்டேன். கழிவு இறாலை நண்டுக்குப் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது, வித்தி திரும்ப வர அதுவே வாசலாகும். பணநெருக்கடி இருந்தால் சுண்ணாம்பு முடித்து, மாரி நீரில் பாலைமீன். இல்லாவிட்டால் குளம் சும்மா கிடக்கட்டும்.

குஞ்சு

குளத்தடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தொற்று குஞ்சோடு வந்தால் எல்லாம் வீண். மலிவுக் குஞ்சா, பரிசோதித்த குஞ்சா என்ற ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமே இல்லை. விலை வித்தியாசம் முழுப் போகச் செலவில் சின்னப் பங்கு. தீன்தான் பெரும்பங்கு.

பொரிப்பகத்தில் உப்பைச் சட்டென்று குறைத்து, எத்தனை குஞ்சு தாக்குப்பிடிக்கிறது என்று காட்டுவார்கள். நல்ல பரிசோதனைதான். ஆனால் ஈஎச்பி உள்ள குஞ்சும் அதில் தேறிவிடும். "எஸ்பிஎஃப்" என்று எழுதிய தாளைக் காட்டினால், எந்தெந்த நோய்களுக்கு என்று பட்டியலைக் கேளுங்கள். ஈஎச்பி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல்லுக்கு நோயில்லாத வழியில் வந்த தாய் என்றுதான் பொருள், நோயை எதிர்க்கும் குஞ்சு என்றல்ல. தாய் இறாலுக்கு உயிர்ப் புழு கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். கடற்கரைப் புழு வித்தியைச் சுமந்து வரும். சுழியத்துக்குக் கீழ் 20 பாகையில் உறைய வைத்த புழுவில் ஈஎச்பி வித்தி சாகும், வெள்ளைப்புள்ளி நோயின் வைரசு சாகாது. ஆகவே சூடாக்கிப் பதப்படுத்திக் கொடுப்பவர்களிடம் வாங்குவது இன்னும் நல்லது.

எத்தனை குஞ்சைப் பரிசோதிப்பது என்பதும் முக்கியம். தொட்டியில் நூற்றுக்கு இரண்டுக்குத் தொற்று இருந்தால், 95 வீத நிச்சயத்தோடு அதைப் பிடிக்க 150 குஞ்சு வேண்டும். 30 மட்டும் எடுத்தால், நூற்றுக்குப் பத்துக்கு இருந்தால்தான் அதே நிச்சயம். பத்துக் குஞ்சைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று தரும் அறிக்கையை வைத்துக் கடன் எடுக்காதீர்கள். தொட்டியைக் காட்டி, "இதிலிருந்துதான் எனக்கு" என்று பேசி, அதிலிருந்தே 150ஐ எடுப்பியுங்கள். முடிவு வரும் வரை முற்பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எண்ணிக்கையையும் குறையுங்கள். தொற்று உள்ளே வந்துவிட்டாலும், சதுர மீற்றருக்கு 40 இடத்தில் 25 விட்டால் எச்சம் குறையும், ஒன்று மற்றதன் எச்சத்தை மேயும் வாய்ப்பும் குறையும். நடுவில் குவியும் கறுப்புச் சேற்றைப் போகம் நடக்கும்போதே இழுத்து, களப்புக்குப் போகாத கிடங்கில் விடுங்கள்.

களப்புப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது எங்கள் நீர் மட்டும் அல்ல. நந்திக்கடலும் நாயாறும் 2017இல் இயற்கை ஒதுக்கிடங்களாக அறிவிக்கப்பட்டவை. அதைவிட, வட்டுவாகலில் தொடுவாய் திறக்கும் காலத்தை எதிர்பார்த்து வலையோடு காத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. களப்பு இறால்தான் அவர்களின் சமையலும் பிள்ளைகளின் படிப்பும். தொற்றிய குளத்தின் மதகைத் திறந்துவிட ஐந்து நிமிடம் போதும். நாங்கள் திறக்கவில்லை. நீரைக் குளத்திலேயே குளோரின் போட்டு, நாட்கணக்கில் நிற்கவிட்டு, குளோரின் அடங்கிய பிறகு பக்கத்துக் கிடங்குக்கு இறைத்தோம். டீசலுக்கும் தூளுக்கும் போன காசு, பிடித்த இறாலில் வந்ததில் ஒரு நல்ல பங்கு. அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிடவில்லை. அவனுடைய மாமனாரும் களப்பில் வலை போடுகிறவர்.

ஆவணி நடுவில் சுண்ணாம்பு போட்டோம். ஆறு பேர், இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை குளத்தின் ஐந்து இடத்தில் ஈர மண்ணை எடுத்துக் கரைத்துப் பிஎச் தாளை முக்கினோம். நான்கு இடத்தில் தாள் கடும் நீலமாகி 12 காட்டியது. மதகடியில் மட்டும் 10. அங்கே சேறு தடிப்பு, உழவு ஆழம் போதவில்லை. மண்வெட்டியால் கொத்திப் புரட்டி இன்னும் ஐந்து மூட்டை போட்டு, வாளியால் தண்ணீர் தெளித்தோம். அடுத்த நாள் அங்கேயும் 12. இப்போது மதகுப் பலகைகளுக்கிடையில் களிமண் அடைத்து மூடியிருக்கிறது. மாசிக்கான குஞ்சுக்கு இரண்டு பொரிப்பகங்களோடு கதைத்திருக்கிறோம். 150 குஞ்சு எடுத்துப் பார்க்கச் சம்மதித்தது அதில் ஒன்று மட்டும்.